இடுப்பு வலிக்குக் கால் சொல்லும் சாட்சி

திருப்பதியில் ருயா ஆஸ்பத்திரியிலோ, தேவஸ்தானத்தின் பராமரிப்பில் நடைபெறும் பர்ட் ஆஸ்பத்திரியிலோ, ஸ்விம்ஸிலோ, எலும்பு வைத்தியரையும் நரம்பு வைத்தியரையும் பார்ப்பதற்காகக் காலையிலேயே வந்து சீட்டு எழுதிக்கொண்டு பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களைக் கவனித்தால், அவர்களில் இடுப்பு வலிக்காரர்களை அடையாளம் காண்பது அவ்வளவு சிரமமான காரியமன்று. ஒரு பக்கத்துப் பிட்டத்தின் மேல் பாரத்தைச் சாய்த்து, மற்றொரு காலைச் சற்றே நீட்டி, ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று மறுபடி உட்காரும் அவர்களுடைய மடியில் எம்.ஆர்.ஐ. படங்கள் அடங்கிய பெரிய உறை ஒன்று தவறாமல் இருக்கும். “நடுமு நொப்பி சார்” என்று தெலுங்கில் தொடங்கி, “கால் பூரா இழுக்குது, சுரீர்னு கரண்ட் பாயுற மாதிரி இருக்குது” என்று தமிழில் முடிக்கிற சித்தூர்ப் பக்கத்து மனிதர், வைத்தியர் ஒன்றும் கேட்பதற்கு முன்பாகவே அந்த உறையை மேஜைமேல் வைத்துவிடுகிறார். வலியின் ரகசியம் அதற்குள் அகப்பட்டிருக்கிறது என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த நம்பிக்கை முழுவதும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆயினும், முதுகெலும்பும் அதன் இடையிலுள்ள வட்டுக்களும் எவ்வாறு அமைந்திருக்கின்றன என்பதைப் படம் காட்டுமேயொழிய, அந்த அமைப்பினால் நரம்பு துன்புறுகிறதா, துன்புறுகிறதென்றால் எந்த நரம்பு, எந்த அளவுக்கு என்பவற்றைத் தானாகச் சொல்லாது. அவற்றைச் சொல்ல வேண்டிய சாட்சி நோயாளியின் காலில் இருக்கிறது. படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்ப்பதும், பெருவிரலின் பலத்தைச் சோதிப்பதும், ரப்பர்ச் சுத்தியலால் முழங்காலின் கீழே தட்டுவதும், ஊசி முனையால் பாதத்தைத் தொடுவதும் அந்தச் சாட்சியை விசாரிக்கும் முறைகள். பத்து நிமிஷத்துக்குள் முடிந்துவிடக்கூடிய இந்தப் பரீட்சைகளுக்கு மின்சாரமும் வேண்டாம், தனிக் கட்டணமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ, இவற்றுக்குரிய மதிப்பும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டு வருகிறது.

சித்தூர்ச் சீமையில் இடுப்புக்கு ஓய்வு கொடுக்கும் தொழில்கள் சொற்பம். தோதாபுரி மாங்காய் வந்து குவியும் காலத்தில் கூழ்த் தொழிற்சாலைகளின் வாசலில் லாரி லாரியாக இறக்குகிறவர்களும், மதனப்பள்ளி மண்டியில் தக்காளிப் பெட்டிகளைக் குனிந்து தூக்கிக் குனிந்து அடுக்குகிறவர்களும், கருங்கல் பாளங்களை அறுத்து மெருகேற்றுகிறவர்களும், 1944-ல் திறக்கப்பட்ட பழைய மலைப்பாதையில் இறங்கியும் பின்னர் வந்த புதிய பாதையில் ஏறியுமாக நாள் முழுவதும் திருமலைக்குப் பஸ் ஓட்டுகிறவர்களும் ஆகிய இவர்களுள் இடுப்பு வலியை அறியாதவர் அரியர். ஆனால் இடுப்பு வலி என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நோவு தசையிலும் தசைநாரிலும் சிறு மூட்டுக்களிலும் இருக்கிறதேயன்றி நரம்பில் இல்லை. சில வாரங்களில் அது தானாகவே தணிந்தும் விடுகிறது. நரம்பு அகப்பட்டுக்கொண்ட சிறுபான்மையோரை அந்தப் பெருங்கூட்டத்திலிருந்து பிரித்தெடுப்பதுதான் வைத்தியருக்கு முதல் வேலை.

கையைக் கொண்டே வைத்தியம் செய்வதில் இந்தப் பிரதேசத்துக்குப் பழைய கீர்த்தி ஒன்று உண்டு. திருப்பதியிலிருந்து சென்னைக்குச் செல்லும் வழியிலுள்ள புத்தூரில், ராஜு குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக, முறிந்த எலும்பைத் தடவிப் பார்த்துப் பொருத்தி, பச்சிலையும் முட்டையின் வெண்கருவும் பூசி, மூங்கிற் பத்தை வைத்துக் கட்டிவருகிற கட்டின் பெயர், சென்னையில் எத்தனையோ தெருக்களில் விளம்பரப் பலகை ஏறி, புத்தூர் மண்ணை மிதித்தறியாதவர்களுக்கும் பிழைப்பாகிவிட்டது. விரலின் ஸ்பரிசத்தினாலேயே எலும்பு விலகிய இடத்தை அறியும் அந்தத் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கை முறிந்தவர் போகிற இடத்துக்கே இடுப்பு வலிக்காரரும் போய் எண்ணெயும் கட்டும் கேட்கும்போது விஷயம் வேறாகிவிடுகிறது. கையெலும்பு தோலுக்கு அடியில் விரலுக்கு அகப்படும்படி இருக்கிறது. நரம்பு வேரோ முள்ளெலும்புகளின் உள்ளே, வட்டுக்கும் எலும்புக்கும் நடுவே, எந்த விரலும் எட்டாத ஆழத்தில் இருக்கிறது. அதை நேரே தொட்டறிய வழியில்லை. அது செல்லும் பாதையைப் பிடித்து இழுத்தும், அது ஆளுகிற தசையை வேலை வாங்கியும், அது உணர்ச்சி தருகிற தோலைத் தீண்டியுமே அதன் நிலையை அனுமானிக்க வேண்டும்.

சுசுருத சம்ஹிதையின் நிதான ஸ்தானத்தில், காலில் ஓடும் இந்த வலியை ஒத்த கிருத்ரசி என்னும் வாத வியாதியைக் கூறுமிடத்தில், குதிகாலையும் விரல்களையும் சார்ந்த கண்டரங்களை, அதாவது தசைநார்களை, வாயு பீடிப்பதால் காலின் அசைவு தடைப்படுகிறது என்ற குறிப்பு வருகிறது. திருப்பதியிலேயே தேவஸ்தானம் நடத்தும் ஆயுர்வேதக் கல்லூரியின் மாணாக்கருக்கு அது பாடம். காலை வீசித் தூக்க முடியாமை இந்நோயின் லட்சணமென்பது அங்கே கண்டுகொள்ளப்பட்டிருக்கிறது. ஆனால் லட்சணத்தைக் கண்டது வேறு. வைத்தியரே நோயாளியின் காலைத் தூக்கி, எத்தனை பாகையில் வலி பிறக்கிறதென்று பார்த்து, நரம்பு இழுபடுவதே அதற்குக் காரணமென்று நிறுவியது வேறு. எல்லாம் நம் முன்னோர் அறிந்தவையே என்று மார்தட்டுகிறவர்கள் இந்த வேற்றுமையைச் சௌகரியமாக விழுங்கிவிடுகிறார்கள்.

அந்த இரண்டாவது காரியம் ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நடந்தது. பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் சார்ல்ஸ் லஸேக்கின் பெயரால் அந்தப் பரீட்சை உலகெங்கும் வழங்கிவந்தாலும், சையாட்டிக் நரம்பின் நோவைப் பற்றி 1864-ல் அவர் எழுதிய கட்டுரையில் அது காணப்படவில்லை. அவருடைய சீடர் ஃபோர்ஸ்ட் 1881-ல் தம் பட்டத்துக்கான ஆராய்ச்சியில் அதை விவரித்து ஆசிரியருக்கு உரியதாக்கினார். அதற்கு ஓராண்டு முன்பே, 1880-ல், பெல்கிரேடில் லாஸா லாஸரேவிச் என்னும் வைத்தியர் அதே பரீட்சையை ஸெர்பிய மொழியில் எழுதி வெளியிட்டிருந்தார். பாரிஸ்காரர்கள் தொடைத் தசை நரம்பை நெரிப்பதால் வலி வருவதாக நினைத்திருக்க, நரம்பு இழுபடுவதால்தான் வருகிறது என்று சரியான காரணத்தையும் கண்டுரைத்தவர் அவரே. 1851-ல் பிறந்து நாற்பது வயது நிரம்புமுன் மறைந்த இந்த லாஸரேவிச், ஸெர்பிய இலக்கியத்தின் தலைசிறந்த சிறுகதை ஆசிரியர்களில் ஒருவருமாவார். பிரெஞ்சில் எழுதியிருந்தால் பெயர் நிலைத்திருக்கும். ஸெர்பிய மொழியில் எழுதியதால் அவருடைய தேசத்தாரும், சரித்திரம் படிக்கும் சில நரம்பு வைத்தியர்களுமே அவரை நினைக்கிறார்கள். நரம்பு வேரை அழுத்துகிற பொருள், முள்ளெலும்புகளுக்கு நடுவேயுள்ள வட்டிலிருந்து பிதுங்கிய துண்டே என்பது 1934-ல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்னும் இருவர் எழுதிய பின்னரே உலகத்துக்குத் துலங்கியது.

பரீட்சை பார்ப்பதற்கு எளியது. பிழையின்றிச் செய்வதும், செய்து கண்டதைப் பிழையின்றிப் பொருள் கொள்வதும் எளியவையல்ல. நோயாளியை மல்லாந்து படுக்கச் சொல்லி, ஒரு கையைக் குதிகாலின் கீழே கொடுத்து, மற்றொரு கையால் முழங்கால் மடங்காதபடி காத்து, காலை மெல்ல மெல்ல உயர்த்த வேண்டும். ஏறக்குறைய முப்பது பாகை வரையில் நரம்பின் தளர்ச்சி தீருகிறதேயன்றி அது இறுகுவதில்லை. அதற்கு மேல் எழுபது பாகை வரையில், இடுப்பெலும்பின் பின்புறமாக இறங்கிவரும் சையாட்டிக் நரம்பு தன் வேர்களைப் பிடித்திழுக்கிறது. இந்த இடைவெளியில், நோயாளி நாள்தோறும் அனுபவிக்கிற அதே வலி, பிட்டத்தில் புறப்பட்டு முழங்காலுக்குக் கீழே ஆடுசதைக்கோ பாதத்துக்கோ ஓடினால்தான் பரீட்சை பலித்ததாகக் கொள்ளலாம். தொடையின் பின்புறம் இறுகி வலித்தால் அது வேலை செய்து விறைத்த தசைநாரின் வலி; இடுப்பில் மட்டும் வலித்தால் அது இடுப்பின் வலி. அவசரமாகக் காலைத் தூக்கி, “வலிக்குதா?” என்று மட்டும் கேட்டு, “ஆமாங்க” என்ற சொல்லைக் கேட்டவுடன் நரம்பில் கோளாறு என்று எழுதிவிடுவது, எங்கே வலிக்கிறது என்ற ஒரே முக்கியமான கேள்வியைக் கேளாமல் விடுவதாகும். கவனமுள்ள வைத்தியர், வலி தொடங்கிய இடத்தில் காலைச் சிறிதளவு தாழ்த்தி, வலி அடங்கியதும் பாதத்தை மட்டும் முகத்தை நோக்கி மடக்கிப் பார்ப்பார்; தொடைத் தசையை அந்த அசைவு தொடுவதில்லையாகையால், அப்போது வலி திரும்பினால் இழுபட்டது நரம்பே என்ற அனுமானம் வலுப்படுகிறது.

மலையில் புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாமென்று நியாய சாஸ்திரம் பாலபாடமாகச் சொல்லுகிறது; ஆனால் அந்த அனுமானம் செல்லுவதற்கு, நெருப்பில்லாத இடத்தில் புகை தோன்றாது என்ற நிச்சயம் இருக்க வேண்டும். காலைத் தூக்கும் பரீட்சையில் அந்த நிச்சயம் இல்லை. 2010-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைக்கு வந்தவர்களிடையே நடந்த ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்ததில், வட்டுப் பிதுங்கியவர்களில் 100-க்கு 92 பேரிடம் இந்தப் பரீட்சை பலித்தது. ஆனால் வட்டுப் பிதுங்காதவர்களிலும் 28 பேரிடம் மட்டுமே அது பலிக்காமல் நின்றது. ஆகவே, பலிக்காதபோது வட்டுப் பிதுக்கம் இருப்பது அரிது என்று ஓரளவு நம்பலாமே தவிர, பலித்தபோது இருந்தே தீரும் என்று நம்பலாகாது. இதற்கு நேர்மாறானது, நோவில்லாத காலைத் தூக்கும்போது நோவுள்ள காலில் வலி தோன்றுவது. அது பிதுக்கம் உள்ளவர்களில் 100-க்கு 28 பேரிடமே தோன்றினாலும், பிதுக்கம் இல்லாதவர்களில் 90 பேரிடம் தோன்றாதாகையால், தோன்றிவிட்டால் அதை அலட்சியம் செய்வதற்கில்லை. ஒன்று எங்கும் எழும் புகை. மற்றொன்று அரிதாக எழுந்தாலும் அநேகமாக நெருப்போடு எழும் புகை.

படத்தின் சாட்சியமும் இந்தச் சந்தேகத்துக்கு விலக்கானதன்று என்பதை மேஜைமேல் உறையை வைக்கிறவர்களுக்கு யாராவது எடுத்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 1994-ல், இடுப்பு வலியே இல்லாத 98 பேரின் முதுகெலும்பை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது, அவர்களில் 100-க்கு 52 பேருக்கு ஏதாவதொரு வட்டாவது உப்பியிருந்தது. 27 பேருக்கு ஒரு பக்கமாகப் பிதுங்கியும் இருந்தது. வலியில்லாதவனிடமும் காணப்படுகிற ஒன்றை வலியுள்ளவனிடம் கண்டு, அதுவே காரணமென்று தீர்ப்புச் சொல்வது எப்படிப் பொருந்தும்? படத்தில் இடப்பக்கம் பிதுக்கம் தெரிய, நோயாளியோ வலக்காலில் வலி என்று சொல்லிக்கொண்டிருக்கும் விசித்திரமும் இதனால் நேர்வதே. காலைப் பரிசோதித்துக் கண்டதும் படத்தில் கண்டதும் ஒரே நரம்பைச் சுட்டிக் காட்டும்போதுதான் கத்தியைப் பற்றிய பேச்சுக்கு இடமுண்டு.

எந்த நரம்பு என்பதைச் சொல்வதில் காலைத் தூக்குவதைவிடப் பலத்தைச் சோதிப்பது மேலானது. நோயாளியைக் குதிகாலால் நடக்கச் சொன்னால் நான்காம், ஐந்தாம் இடுப்பு நரம்பு வேர்களின் நிலை வெளிப்படும். நுனிக்காலால் நடக்கச் சொன்னால் அவற்றுக்குக் கீழேயுள்ள முதல் திரிக நரம்பு வேரின் நிலை தெரியும். ஆனால் ஆடுசதை உடம்பிலுள்ள வலிய தசைகளுள் ஒன்றாதலால், ஒரு முறை எம்பி நின்றதைக் கொண்டு அது சௌக்கியமென்று சொல்லக்கூடாது. சுவரைப் பிடித்து ஒற்றைக்காலில் பத்து முறை எம்பச் சொன்னால் ஐந்தாவது ஆறாவதிலேயே சளைத்துவிடும் காலும் உண்டு. கால் பெருவிரலை மேல்நோக்கி நிமிர்த்தச் சொல்லி அதை விரலால் கீழே அழுத்திப் பார்ப்பது, ஐந்தாம் இடுப்பு வேருக்கென்றே ஏற்பட்டது போன்ற பரீட்சை. முழங்காலின் கீழே சுத்தியல் பட்டுக் கால் உதைப்பது முக்கியமாக நான்காம் வேரின் வேலை. குதிகாலின் மேலுள்ள தடித்த தசைநாரில் பட்டுப் பாதம் அசைவது முதல் திரிக வேரின் வேலை. ஐந்தாம் வேருக்குச் சுத்தியலால் கேட்டறியத்தக்க எளிய விடை கிடையாது. தோலிலும் இப்படியே பங்கீடு உண்டு. கணைக்காலின் உட்புறம் நான்காம் வேருக்கும், புறங்காலும் பெருவிரலுக்கு அடுத்த சந்தும் ஐந்தாம் வேருக்கும், சுண்டுவிரற் பக்கம் திரிக வேருக்கும் உரியவை. “எறும்பு ஊர்ற மாதிரி”, “கால் திமிராவே இருக்குது” என்று நோயாளி சொல்லும் இடத்தை அவருடைய விரலாலேயே சுட்டிக்காட்டச் சொன்னால், பாதி விடை அப்போதே கிடைத்துவிடும்.

எல்லாத் தளர்ச்சியும் இடுப்பிலிருந்து வருவதன்று என்பதையும் மறக்கலாகாது. நிலக்கடலைக் கொல்லையில் நாள் முழுவதும் குந்தியிருந்து களையெடுக்கிற பெண்ணுக்குப் பாதம் தொங்கிவிட்டால், பெருவிரலை நிமிர்த்த முடியாமையைக் கண்ட மாத்திரத்தில் ஐந்தாம் வேரின் மேல் பழி போட்டுவிடலாம். ஆனால் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், எலும்பின் கழுத்தைச் சுற்றித் தோலுக்கு அடியிலேயே ஓடும் நரம்பு, நெடுநேரம் குந்தியிருப்பதால் நசுங்கியும் அதே தளர்ச்சியைத் தரும். குஷ்ட நோயிலும் அந்த இடத்திலேயே அந்த நரம்பு தடித்து விரலுக்கு அகப்படும். பாதத்தை உட்புறமாகத் திருப்பும் பலம் குறைந்திருந்தால் கோளாறு இடுப்பில். அந்தப் பலம் குறையாமலிருந்தால் கோளாறு முழங்காலின் பக்கத்தில். இந்த ஒரு விஷயத்தைச் சோதிக்க அரை நிமிஷம் போதும். சோதியாவிட்டால், முழங்காலில் உள்ள நோய்க்கு இடுப்பைப் படம் எடுத்து, அதில் வயதுக்கேற்ற உப்பல் ஒன்றைக் கண்டு, அதற்கே சிகிச்சையும் தொடங்கிவிடும் அபாயம் இருக்கிறது.

முன்தொடையில் வலி வருகிறவர்களைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலை மடக்கிப் பார்க்க வேண்டும். மேல் இடுப்பு நரம்பு வேர்கள் அப்போதே இழுபடும்.

வயோதிகரின் விஷயம் தனியானது. அலிபிரியிலிருந்து திருமலைக்குச் செல்லும் சுமார் 3,550 படிகளில், கைத்தடியூன்றி முன்னே குனிந்து ஏறுகிற எழுபது வயதுக்காரர் காலி கோபுரம் வரையில் சிரமமின்றி வந்துவிட்டு, அதற்கு மேல் பாதை சமமாகச் செல்லுகிற இடத்தில், இளைஞர்கள் “அப்பாடா” என்று வேகம் பிடிக்கும்போது, கால் இரண்டும் கனத்து மரத்துப்போய் உட்கார இடம் தேடுவதைக் கண்டால், கூட வந்தவர்கள் அதை ஏறின களைப்பென்றே நினைப்பார்கள். வயதினால் முதுகெலும்பின் உட்குழாய் குறுகிவிட்டவர்களுக்கு, குனியும்போது அந்தக் குழாய் சற்று விரிந்து நரம்புகளுக்கு இடமளிக்கிறது. நிமிர்ந்து நடக்கும்போதும், உடம்பைப் பின்னே சாய்த்துப் படியிறங்கும்போதும் அது மறுபடி குறுகுகிறது. ஹாலந்து தேசத்து அறுவை வைத்தியர் வெர்பீஸ்ட் 1954-ல் எழுதிய கட்டுரைகளால் பிரசித்தமான இந்த நோயில், காலைத் தூக்கும் பரீட்சை பெரும்பாலும் பலிப்பதில்லை. படுத்திருக்கும்போது சுத்தியலும் ஊசியும்கூட ஒன்றும் காட்டாமற் போகலாம். இங்கே வைத்தியர் செய்யத்தக்கது, நோயாளியை நடக்கவிட்டு, வலி வந்தபின் உட்காரவைத்துப் பார்ப்பதும், நின்றாலே வலி தீருகிறதா, குனிந்தால்தான் தீருகிறதா என்று விசாரிப்பதும், பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று தொட்டறிவதுமாகும். இரத்தக் குழாய் அடைபட்டவருக்கு நின்றாலே வலி தணியும். ஏற்றம் அவருக்கு ஆகாது. முதுகெலும்பின் உட்குழாய் குறுகியவருக்கு ஏற்றமே இதம். மலைப்படியைப்போல இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் கருவி எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

பெருவிரல் தரும் இன்னொரு குறிப்பு இடுப்புக்கு மேலே பார்க்கச் சொல்லுவது. தண்டுவடம் முதல் அல்லது இரண்டாம் இடுப்பெலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது; அதற்குக் கீழே இருப்பவை நரம்பு வேர்களே. ஆகவே உள்ளங்காலை வெளியோரமாகக் கீறும்போது பெருவிரல் கீழே மடங்காமல் மேலே எழும்பினாலும், சுத்தியலுக்குக் கால் அளவுக்கு மிஞ்சி உதைத்தாலும், நோய் இடுப்பு வட்டில் இல்லை, தண்டுவடத்திலோ மூளையிலோ இருக்கிறது. நம் நாட்டில் அப்போது நினைவுக்கு வரவேண்டியவற்றுள் முக்கியமானது முதுகெலும்பு க்ஷயம். பழைய சித்தூர் ஜில்லாவைச் சேர்ந்த மதனப்பள்ளிக்கு அருகே ஆரோக்கியவரத்தில் 1915-ல் க்ஷயரோக ஆஸ்பத்திரி ஒன்று ஏற்பட்டதிலிருந்து இந்தச் சீமைக்கு அந்த நோயோடு நெடிய பழக்கம் உண்டு. இரவில் உறங்கவிடாத வலி, மாலைக் காய்ச்சல், இளைத்துவரும் சரீரம், முதுகில் ஓரிடத்தில் தட்டினால் துள்ளும் நோவு ஆகியவை இருக்கும்போது, “வாயுப் பிடிப்பு” என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாதக்கணக்கில் காத்திருப்பது பேராபத்து.

கடைசியாகச் சொல்ல வேண்டியது, வெட்கத்தினால் கேளாமல் விடப்படும் ஒரு கேள்வியும் செய்யாமல் விடப்படும் ஒரு பரிசோதனையும் பற்றியது. தண்டுவடத்துக்குக் கீழே கற்றையாக இறங்கும் வேர்கள் முழுவதும் ஒருங்கே நசுங்கினால், சைக்கிள் ஆசனத்தில் படுகிற இடமெல்லாம் மரத்துப்போகும். சிறுநீர் நிரம்பினாலும் போக வேண்டுமென்ற உணர்ச்சி குன்றும். மலம் அறியாமல் வெளிப்படலாம். இரண்டு கால்களும் தளரலாம். இந்த நிலை அரியதே. ஆயினும் நேரம் கடந்தபின் செய்யும் அறுவைச் சிகிச்சை இழந்ததைத் திருப்பித் தருவது நிச்சயமில்லையாதலால், பொதுவாக 48 மணி நேரத்துக்குள்ளும், கூடுமானால் அதற்கு முன்பும், அழுத்தத்தை நீக்க வேண்டுமென்று வைத்தியர்கள் கருதுகிறார்கள். நம் பெண்களிடம் ஆண் வைத்தியர் இதைக் கேட்கத் தயங்குகிறார். கேட்டாலும் மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் தலையைக் குனிந்துகொள்கிறாள். கிராமத்துப் பெரியவரோ, “வயசாச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று தாமே தீர்மானித்துவிட்டு வாய் திறப்பதில்லை. நர்ஸ் ஒருத்தியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, திரைக்குப் பின்னால் அந்தக் கேள்வியைக் கேட்டு, ஊசி முனையால் அந்த இடத்தின் உணர்ச்சியைச் சோதிப்பது வைத்தியரின் பொறுப்பு. கேட்கப்படாவிட்டாலும் சொல்லிவிடுவது நோயாளியின் பொறுப்பு. இடுப்பு வலியோடு படுத்திருப்பவருக்குச் சிறுநீர் பிரிவது நின்றுவிட்டால், மறுநாள் புறநோயாளிச் சீட்டுக்காகக் காத்திராமல், திருப்பதிக்கோ, சித்தூரிலிருந்து 40 கிலோமீட்டருக்குள் இருக்கும் வேலூருக்கோ, 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவைச் சிகிச்சைத் துறையைத் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி போன்ற பெரிய ஆஸ்பத்திரிக்கு, அன்றிரவே வண்டி பிடித்துவிட வேண்டும்.